பெருந்துறை தாண்டினால் இடுப்பு கடுக்கிறது: ஸ்போர்ட்ஸ் சீட்டை மாற்றலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். உங்களிடம் இருப்பது பழைய கார் சந்தையில் வாங்கிய 2016 ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. முந்தைய உரிமையாளர் அதில் வெளிநாட்டு போலோ ஜிடிஐ ஒன்றிலிருந்து கழற்றிய முன் சீட் இரண்டையும், 17 இஞ்ச் சக்கரங்களையும் மாட்டியிருக்கிறார். ஓட்டும் உங்களுக்கு அந்த சீட் ரொம்பப் பிடித்திருக்கிறது. பக்கத்தில் உட்காரும் உங்கள் துணைவியாருக்கோ கோவையிலிருந்து கிளம்பிப் பெருந்துறை தாண்டினால் இடுப்பு கடுக்க ஆரம்பித்து, சேலம் வருவதற்குள் இறங்கி நின்றே ஆக வேண்டியிருக்கிறது. ரெகாரோ கம்பெனி சீட் போடலாமா, இன்னோவா கேப்டன் சீட்டை வெட்டிப் பொருத்தலாமா, உள்ளூர் பட்டறையில் புதிதாகச் செய்யலாமா என்று மூன்று வழி கேட்டிருக்கிறீர்கள். எந்த சீட் நல்லது என்பதை விட, அவர் சென்னை வரை வலியில்லாமல் உட்கார என்ன செய்ய வேண்டும் என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் ஒன்றல்ல.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் சீட் தயாரிக்கும் நிறுவனங்களில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவன் நான். பாதி நாள் ஃபோம், மீதி நாள் சீட்டின் இரும்புச் சட்டமும், சீட் முன்பின் நகரும் ரெயிலும். அதனால் சீட் பற்றி உறுதியாகப் பேச முடியும். முதுகெலும்பு பற்றி அப்படிப் பேச முடியாது, நான் மருத்துவன் இல்லை. அவருக்கு வலி காலுக்குள் இறங்குகிறது என்றாலோ, பாதம் மரத்துப்போகிறது என்றாலோ, சீட்டுக்குப் பணம் செலவழிக்கும் முன் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி கேட்டால், உட்கார்ந்தால் வந்து எழுந்து நடந்தால் போகிற வலி பெரும்பாலும் உட்காரும் விதத்தில் வருவது. அதைச் சரி செய்ய நிறைய வழி இருக்கிறது.

ஒரே மாதிரியான இரண்டு சீட்டில் உங்களுக்கு சுகமும் அவருக்கு வலியும் வருவது விசித்திரம் இல்லை. ஓட்டுகிறவருக்குப் பிடிக்க ஸ்டீயரிங் இருக்கிறது, ஊன்ற பெடலும் இடது காலுக்கு ஃபுட்ரெஸ்ட்டும் இருக்கின்றன. வளைவு வருவது முன்பே தெரிவதால் உடம்பு தானாகத் தயாராகிவிடும். பக்கத்தில் இருப்பவருக்கு இதில் ஒன்றும் கிடையாது. வண்டி திரும்பிய பிறகுதான் இடுப்புத் தசை இறுகுகிறது, மணிக்கணக்கில் அப்படியே இறுகி இறுகித் தளர்கிறது. இதுபோக, பெரும்பாலான சின்ன கார்களில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல் ஓட்டுநர் சீட்டுக்குத்தான் இருக்கும்.

இன்னொரு காரணம் அளவு. சீட் வடிவமைக்கும்போது உலகம் முழுக்கப் பயன்படுத்தும் அளவுப் பொம்மை ஒன்று உண்டு. சுமார் 76 கிலோ, சராசரி ஆணின் எடை. இடுப்பு மூட்டு எங்கே வரும், முதுகு எந்தக் கோணத்தில் சாயும் என்பதையெல்லாம் அதை உட்கார வைத்துத்தான் குறிப்பார்கள். உங்கள் துணைவியார் 152 செ.மீ., 50 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்போர்ட்ஸ் சீட்டின் ஃபோம் சாதாரண சீட்டை விடக் கெட்டி. 76 கிலோ உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்க வேண்டுமோ அவ்வளவு 50 கிலோவுக்கு அமுங்காது. அவர் சீட்டுக்குள் உட்காரவில்லை, சீட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறார். இடுப்பைத் தாங்க வேண்டிய புடைப்பு அவருக்கு வேறு உயரத்தில் போய் முட்டுகிறது. தொடையைப் பிடிக்க வேண்டிய பக்கத் திண்டு வெறுமனே உறுத்துகிறது.

வண்டியை நிறுத்திவிட்டு ஒன்று செய்து பாருங்கள். அவரை முதுகு முழுக்கப் பின்னால் ஒட்டும்படி உட்காரச் சொல்லி, முழங்கால் மடிப்புக்கும் சீட்டின் முன் விளிம்புக்கும் நடுவே உங்கள் விரலை நுழையுங்கள். இரண்டு மூன்று விரல் தாராளமாகப் போக வேண்டும். ஒரு விரல்கூடப் போகவில்லை என்றால் குஷன் அவருக்கு நீளம். நான் பார்த்தவரை, உயரம் குறைந்த பெண்களுக்கு வருகிற இடுப்பு வலியில் இதுதான் அதிகம் தென்படும் காரணம். விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அழுத்துவதால் அவர்களே அறியாமல் இடுப்பை முன்னால் நகர்த்திக்கொள்வார்கள். நகர்ந்ததும் கீழ் முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் விழும். அடுத்த ஒரு மணி நேரம் அந்தப் பள்ளத்தில் முதுகு தொங்கிக்கொண்டிருக்கும். பெருந்துறை கணக்கு இங்கேதான் பொருந்துகிறது. கோவையிலிருந்து அங்கே வர ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது பாருங்கள்.

இதில் எவ்வளவு நிரூபணமானது என்றும் சொல்லிவிடுகிறேன். 1960களில் ஸ்வீடனைச் சேர்ந்த நாகெம்சன் என்ற எலும்பு மருத்துவர், உயிருள்ள மனிதர்களின் முதுகெலும்பு வட்டுக்குள் (டிஸ்க்) ஊசி செலுத்தி உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளந்தார். நிற்பதை விட உட்காரும்போது அழுத்தம் கூடுகிறது என்றார். 1999இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கே குழுவினர் நவீன கருவியோடு அளந்தபோது, தளர்வாக உட்காரும்போது நிற்பதை விட அதிகமில்லை என்று வந்தது. ஆகவே உட்கார்ந்தாலே டிஸ்க் கெடும் என்று யாராவது சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் சாய்மானம் சற்றுப் பின்னால் சாய்ந்து, கீழ் முதுகுக்குத் தாங்கலும் இருந்தால் அழுத்தம் குறைகிறது என்பதில் சந்தேகம் இல்லை. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் அதுதான்.

அதிர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் சக்கரத்தைப் போகிற போக்கில்தான் குறிப்பிட்டிருக்கிறீர்கள். முதலில் இருந்தது 185/60 ஆர்15, இப்போது இருப்பது 215/40 ஆர்17. சக்கரத்தின் மொத்த உயரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். டயரின் பக்கச் சுவரோ 111 மி.மீ.இலிருந்து 86 மி.மீ. ஆகிவிட்டது. குழியில் விழும்போது அடியை வாங்கும் ரப்பரிலும் காற்றிலும் கிட்டத்தட்ட கால்வாசி போய்விட்டது. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு நொடிக்கு 4 முதல் 6 வரையிலான மேல்கீழ் ஆட்டத்துக்குத்தான் அதிகம் குலுங்கும், முதுகெலும்பின் இயல்பான அதிர்வு அந்த எல்லையில் இருக்கிறது. அந்த ஆட்டத்தை சீட் ஃபோம் குறைப்பதில்லை, சில சமயம் கூட்டிவிடும். ஃபோம் அடக்குவது அதற்கு மேலான நறநறப்பை மட்டுமே. உங்கள் வலியில் டயரின் பங்கு எவ்வளவு என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் நண்பர் யாரிடமாவது 15 இஞ்ச் சக்கரம் இருந்தால் ஒரு பயணத்துக்கு வாங்கி மாட்டிப் பாருங்கள். காற்றழுத்தத்தையும் குளிர்ந்த டயரில் சரிபாருங்கள். சீட்டை மாற்றுவதை விட இது எளிது.

அதற்கு முன்னால் காசே செலவில்லாத ஒரு சோதனை. ஒரு குற்றாலத் துண்டை எடுத்து நான்காக மடித்துச் சுருட்டுங்கள். மணிக்கட்டு கனத்துக்கு வந்தால் போதும். அவர் நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்த பிறகு, இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கு நேராக, சேலை கட்டும் இடத்துக்குச் சற்று மேலே, முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவே வையுங்கள். சாய்மானத்தைச் செங்குத்து நிலையிலிருந்து 15, 20 டிகிரி வரை பின்னால் விடலாம், அதற்கு மேல் வேண்டாம். பயணி தூங்கட்டும் என்று படுக்கையாக்கிவிட்டால், பிரேக் அடிக்கும்போது உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போகும். இடுப்பெலும்பில் இருக்க வேண்டிய பெல்ட் வயிற்றில் ஏறி அமுங்கும். பாதம் தரையில் தட்டையாகப் படவில்லை என்றால் காலடியில் ஒரு கெட்டியான சாய்வுப் பலகையை நகராதபடி ஒட்டிவிடுங்கள். இப்படியே நான்கைந்து பயணம் போய்ப் பாருங்கள். துண்டு எந்த உயரத்தில் இருந்தபோது நிம்மதி, எப்போது தொந்தரவு என்று அவரே குறித்து வைக்கட்டும்.

சீட்டின் மேல் ரெக்ஸின் கவர் போட்டிருக்கிறீர்களா? எழுதவில்லை. இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். ஃபோமில் குறுக்கும் நெடுக்கும் வாய்க்கால் மாதிரிப் பள்ளங்கள் இருக்கும். கம்பெனித் துணி அந்தப் பள்ளத்துக்குள் கம்பி வளையத்தால் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். சீட்டின் வளைவு உடம்புக்குக் கிடைப்பதே அதனால்தான். மேலே போடும் கவர் அந்தப் பள்ளத்தைத் தாண்டி முரசுத் தோல் மாதிரி விறைத்து நிற்கும், வளைவெல்லாம் அதோடு போய்விடும். கவரைக் கழற்றியதும் தொந்தரவு பாதியாகக் குறைந்தது என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு.

அடுத்து, ஃபோமை மாற்றிக் கொஞ்சம் மெத்தென்று ஆக்கலாமே என்று தோன்றும். நானே அதைச் செய்து கற்றுக்கொண்டேன். என் அம்மா அடிக்கடி திருச்சிக்குப் போய்வருவார் என்று, வேலைக்குச் சேர்ந்த புதிதில், வீட்டுக் காரின் பயணி சீட்டில் இருந்த ஃபோமை எடுத்துவிட்டு சோபாவுக்கு வெட்டும் மெத்தை ஃபோமைப் போட்டேன். உட்கார்ந்ததும் அம்மாவின் முகம் மலர்ந்தது, நானும் மகிழ்ந்துபோனேன். விழுப்புரம் தாண்டியதும் உட்காரும் எலும்பு இரண்டும் அடியில் இருந்த கம்பியைத் தொட்டுவிட்டன, அம்மா கையை ஊன்றி ஊன்றி எழும்ப ஆரம்பித்தார். உளுந்தூர்பேட்டை அருகே ஒரு மாடு குறுக்கே வர, பிரேக் அடித்தேன். அம்மா சறுக்கிக்கொண்டே முன்னால் போய், பெல்ட் விலாவுக்குக் கீழே வயிற்றில் ஏறி நின்றது. காயம் இல்லை. வீடு திரும்பிய மறுநாளே பழைய ஃபோமைத் தேடி எடுத்துப் போட்டேன். கார் சீட்டின் முன்பகுதியில் மேடாக இருப்பது அழகுக்காக இல்லை, இப்படிச் சறுக்காமல் தடுக்கத்தான் இருக்கிறது. முதல் பத்து நிமிட சுகம் வேறு, மூன்றாவது மணி நேர சுகம் வேறு என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கியது.

குஷன் கடையில் ‘40 டென்சிட்டி போட்டுடலாம் சார்’ என்பார்கள். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை. அது எவ்வளவு நாள் உழைக்கும் என்பதற்கு ஓர் அறிகுறி, எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்பதற்கு இல்லை. ஒரே டென்சிட்டியில் கெட்டியும் கிடைக்கும், இளகியதும் கிடைக்கும். மெமரி ஃபோம் வேண்டாம். அது சூட்டில் இளகும், குளிரில் இறுகும். மே மாதம் வெயிலில் நின்ற காரில் ஒரு மாதிரி, ஏசி ஓடி ஒரு மணி நேரம் ஆனதும் வேறு மாதிரி இருக்கும்.

இனி நீங்கள் கேட்ட மூன்று வழிகள். ரெகாரோ நல்ல பெயர். 1906இல் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கிய ராய்ட்டர் என்ற கார்க்கூடு கட்டும் பட்டறையின் பெயரிலிருந்து வந்தது அது. ஆனால் ரெகாரோ என்ற பெயரில் பந்தயக் கூடைச் சீட்டும் இருக்கிறது, முதுகு வலிக்காரர்களுக்கென்றே செய்த எர்கோமெட் வகையும் இருக்கிறது. பழைய இறக்குமதிச் சரக்கில் உங்கள் கைக்கு எட்டுவது பெரும்பாலும் முதல் வகைதான், அது இப்போது இருக்கும் வலியைக் கூட்டும். இன்னோவா சீட்டைப் பொறுத்தவரை, அது உயரமான வண்டியில் நாற்காலி போல உட்காருவதற்காகச் செய்தது. போலோவின் தாழ்ந்த தரைக்கு அதன் அடிச்சட்டம் பொருந்தாது. வெட்டித்தான் ஆக வேண்டும், அந்த வெட்டுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். உள்ளூரில் பட்டைக் கம்பி வளைத்து வெல்டு வைத்துச் செய்வதற்கும் இதே பதில்தான்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், உங்கள் காரில் பெல்ட்டின் பக்கிள் சீட்டோடு இணைந்திருக்கிறது. மோதும்போது அவர் உடம்பை பெல்ட் பிடிக்கிறது, பெல்ட்டை சீட் பிடிக்கிறது, சீட்டை நான்கு போல்ட்டும் ரெயிலும் பிடிக்கின்றன. பெல்ட் நங்கூரங்களுக்கான, அதாவது பெல்ட் வண்டியோடு பிணைக்கப்படும் இடங்களுக்கான, ஐ.நா. ஒழுங்குவிதி 14இன்படி, தோள்பட்டைப் பகுதியை சுமார் 1,350 கிலோ விசையோடும் மடிப் பகுதியை இன்னொரு 1,350 கிலோ விசையோடும் சேர்த்து இழுத்துப் பார்ப்பார்கள். பக்கிள் சீட்டில் இருந்தால் சீட்டின் எடையைப் போல 20 மடங்கு விசையும் அதோடு கூடும். எல்லாம் சேர்த்தால் 3 டன் பக்கம் வரும், அதில் ஒரு பெரும் பங்கு சீட் சட்டம் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. வெல்டு வைத்த பட்டைக் கம்பியை யாரும் அப்படி இழுத்துப் பார்த்ததில்லை.

வெல்டு உடையாவிட்டாலும் ரெயில் ஏமாற்றும். ஒருமுறை ஒருவர், சீட் தானாக முன்னால் நகர்கிறது என்று காரைக் கொண்டுவந்தார். சீட்டை நகர்த்தும் நெம்புகோலை விட்டுவிட்டுச் சீட்டைத் தள்ளினேன். ‘டக்’ என்று ஒரே சத்தம் வர வேண்டிய இடத்தில் ‘டக்… டக்’ என்று இரண்டாக வந்தது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால், இடது ரெயிலின் பூட்டு பல்லுக்குள் முழுதாக இறங்கியிருக்கிறது, வலது ரெயிலின் பூட்டு பல்லின் முனையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வெட்டி ஒட்டிய அடிச்சட்டம் நான்கு மி.மீ. கோணலாக இருந்ததுதான் காரணம். இப்போது உங்கள் காரில் இருக்கும் சீட்டிலும் இந்தச் சோதனையை இன்றே செய்யுங்கள், இரண்டு பக்கமும்.

உங்கள் விஷயத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது இன்னொன்று. அந்தத் தலைமுறை ஐரோப்பிய போலோவில் முன் சீட்டின் சாய்மானத்துக்குள்ளேயே பக்கவாட்டு ஏர்பேக் உண்டு. இந்தியாவில் விற்ற போலோ ஜிடியில் அது கிடையாது, முன்பக்க ஏர்பேக் இரண்டுதான். அதனால் அந்த சீட்டின் வெளிப்பக்கத் திண்டில் ஏர்பேக் என்று எழுதிய சின்னப் பட்டி தைத்திருக்கிறதா, அடியில் மஞ்சள் நிற கனெக்டர் எதிலும் செருகப்படாமல் தொங்குகிறதா என்று பாருங்கள். இருந்தால், உள்ளே வெடிமருந்தோடு கூடிய ஏர்பேக் எந்தப் பயனும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. வண்டியின் கணினிக்கு அது இருப்பதே தெரியாது, விளக்கும் எரியாது. அந்தச் சாய்மானத்தை எந்தக் குஷன் கடையிலும் பிரிக்க விடாதீர்கள், அந்தக் கனெக்டரில் மல்டிமீட்டரை வைக்கவும் கூடாது. அந்தப் பக்கத் தையல் ஏர்பேக் கிழித்துக்கொண்டு வருவதற்காகவே வலுக்குறைந்த நூலில் போட்டது, சாதாரண நூலில் திரும்பத் தைத்தால் அந்த சீட் வேறு காருக்குப் போனாலும் ஆபத்து.

ஆகவே என் பரிந்துரை, பயணி பக்கத்துக்கு மட்டும் போலோ ஜிடியின் சொந்த சீட்டுக்குத் திரும்புங்கள். முந்தைய உரிமையாளர் பழைய சீட்டை வைத்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் விபத்தில் சிக்காத இந்திய போலோவிலிருந்து கழற்றியது தேடுங்கள். பக்கத் திண்டு தாழ்வு, ஃபோம் சற்று இளக்கம், துணி கிழிந்தால் பிரித்துத் தைக்க ஏர்பேக் தொந்தரவு இல்லை, ரெயிலும் போல்ட்டும் உங்கள் தரைக்கே உரியவை. ஃபோக்ஸ்வேகன் வென்டோவும் ஸ்கோடா ரேபிடும் இதே தளத்தில், போலோ செய்த அதே புனே பக்கத்து சாக்கன் ஆலையில் செய்தவை. போலோ சீட் கிடைக்காவிட்டால் அங்கே தேடலாம், ஆனால் நான்கு போல்ட் துளைகளின் இடைவெளியை டேப் வைத்து அளந்து, ஒரு மி.மீ.கூட மாறாமல் இருந்தால்தான் வாங்க வேண்டும். கழற்றும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிட்டுப் பத்து நிமிடமாவது காத்திருங்கள். வண்டியோடு இணைந்திருந்த கனெக்டர் எதையாவது கழற்றியிருந்தால், அதைத் திரும்பச் செருகாத நிலையில் சாவியைத் திருப்ப வேண்டாம். திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரிந்து நின்றுவிடலாம், அதை அணைக்க விசிடிஎஸ் மாதிரி ஸ்கேனர் வைத்திருப்பவரைத் தேட வேண்டியிருக்கும். போல்ட்டை டார்க் ரென்ச்சால் ஒர்க்‌ஷாப் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள்.

அந்த சீட் வந்த பிறகு ஃபோமில் சின்னத் திருத்தம் செய்யலாம். குஷனின் முன் விளிம்பில் மேலாக ஒரு விரல் அளவு சரிவாகச் சீவினால் முழங்கால் மடிப்புக்கு இடம் கிடைக்கும். அடியில் உள்ள மேட்டில் கை வைக்க வேண்டாம். முழங்காலை விட இடுப்பு தாழ்ந்து போகிறது என்றால் குஷனின் பின்பகுதியில் 15 முதல் 20 மி.மீ. கெட்டியான ஃபோம் துண்டு ஒன்றை ஒட்டலாம். ஒட்டியதும் அவரை உட்கார வைத்து, பெல்ட்டின் மடிப் பகுதி இடுப்பெலும்பில் தாழ இருக்கிறதா, ஹெட்ரெஸ்ட் தலையின் பின்பக்கத்துக்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். ரெயிலுக்கு அடியில் வாஷர் அடுக்கி உயர்த்தும் யோசனையை யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

சட்டம் பற்றி இரண்டு வரி. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கமாகவே வாசித்தது. சீட்டை மாற்றுவதை ஒவ்வொரு ஆர்டிஓ அலுவலகமும் ஒரே மாதிரி பார்க்காது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பயணி பக்கம் கம்பெனி சீட்டுக்கே திரும்பினால் அந்த சீட்டைப் பொறுத்தவரை இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

சரி, உடனே சீட் தேடக் கிளம்பாதீர்கள். கவரைக் கழற்றி, துண்டைச் சுருட்டி, ரெயில் சத்தத்தைக் கேட்டு, ஒருமுறை சேலம் போய் வாருங்கள். முழங்கால் மடிப்பில் எத்தனை விரல் நுழைந்தது, துண்டு, குஷனும் சாய்மானமும் சேரும் மடிப்பிலிருந்து எத்தனை செ.மீ. உயரத்தில் இருந்தபோது வலி தள்ளிப்போனது என்ற இரண்டு அளவையும் இங்கே எழுதுங்கள். அந்த இரண்டும் இருந்தால் ஃபோமில் எங்கே சீவ வேண்டும், எங்கே ஏற்ற வேண்டும் என்று குஷன் கடைக்காரரிடம் காட்டும்படி ஒரு படம் வரைந்து தருகிறேன்.